தொட்டி விளக்கு

பிப்ரவரி 24, செவ்வாய்

பூச்சி, தொட்டிக்கு வடிகட்டின தண்ணீர் ஒரு ஜக் ஊற்றிவிட்டேன். நீ கண்ணாடியில் போட்ட கோட்டுக்குச் சரியாக நிற்கிறது. சூடு இருபத்தாறு. மீன்களுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டேன். மூடியில் உப்புப் படிந்திருந்தது, துடைத்தேன்.

எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டின பிறகுதான் நினைவு வந்தது, படிக்க ஆள் இல்லை என்று. கிழிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.

பிப்ரவரி 25, புதன்

“யாருக்கும்மா எழுதறீங்க?” என்று உன் அக்கா கேட்டாள். கஸ்தூரிக்குத் தெரியாது. அவள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போன பிறகு வந்த பழக்கம் இது. நான் விடியும் முன்னே டோபிக்கு, சலவை வேலைக்குக் கிளம்பிவிடுவேன். நீ தூங்கிக்கொண்டிருப்பாய். நான் திரும்பும்போது நீ ஃபேக்டரிக்குப் போயிருப்பாய். நீ திரும்பும்போது நான் தூங்கிவிடுவேன். நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் முதுகில் எழுதி, ஐஸ்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போவேன். நீயும் எழுதுவாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துப் பேசினோம். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தது இதற்குத்தான் உதவியது.

“சும்மாதான். தொட்டியப் பத்தி” என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள்.

ராக்கம்மா அத்தை இங்கேதான் இருக்கிறாள். உன் அப்பா சாவுக்கு வந்த மாதிரியே இதற்கும் வந்து எல்லாவற்றையும் எடுத்துச் செய்கிறாள். “பதினாறு முடியற வரைக்கும் வீடு இருட்டாவக் கூடாது தவமணி. பையனக் கெடத்துன எடத்துல வெளக்கு நிக்காம எரியணும். அணைஞ்சிச்சின்னா புள்ள வழி தெரியாம நின்னுடுவான், ஆமா” என்றாள்.

நாலாவது மாடியில் இருந்துகொண்டு காமாட்சி விளக்கை எப்படிக் காப்பது? நடைவழிக் காற்று நேராக உள்ளே வருகிறது. இரண்டு தரம் அணைந்துவிட்டது. அத்தை பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அப்போதுதான் உன் தொட்டி லைட்டு ஞாபகம் வந்தது. அது காற்றுக்கு அணையாது. ஆனால் நீ மாட்டி வைத்திருக்கிற அந்த டைமர் பெட்டி ராத்திரி ஆனதும் அதை அணைத்துவிடுகிறது. பெட்டியிலிருந்து பிளக்கைப் பிடுங்கி நேராகச் சுவரில் சொருகினேன். நீலமாக இருந்தது. நீலம் சாவு வீட்டுக்கு நன்றாக இல்லை. பக்கத்தில் இருந்த குமிழை முழுக்கத் திருகினேன். பளிச்சென்று வெள்ளை ஆனது. இனி எது அணைந்தாலும் வீடு இருட்டாகாது.

பிப்ரவரி 27, வெள்ளி

தண்ணீர் ஊற்றினேன். சூடு இருபத்தாறு. கண்ணாடி பச்சை பிடித்திருந்தது, துடைத்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

கண்ணாடி மறுபடியும் பச்சை. நீ வாரத்துக்கு ஒரு தரம்தான் துடைப்பாய். நான் தினமும் துடைக்கிறேன். மீன் இரண்டும் கல் இடுக்கிலேயே இருக்கின்றன. தீனி போட்டால் மட்டும் வருகின்றன.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் தொட்டிக்கு முன்னால்தான் உட்காருகிறார்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று தொட்டியைப் பார்க்கிறார்கள். “எவ்ளோ அழகா வச்சிருந்திச்சி பையன்” என்கிறார்கள்.

அந்த மூளை மாதிரி இருக்கிற பவளம், நீ கட்டைவிரல் அளவில் வாங்கி வந்தாயே, இப்போது என் உள்ளங்கை அளவு இருக்கிறதே, அது ஓரத்தில் வெளுத்திருக்கிறது. டோபியில் கறை போன துணி மாதிரி. தண்ணீர் சுத்தமாக இருப்பதால் அழுக்கு விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ அதை வாங்கி வந்த அன்றைக்கு, “கல்லுக்குப் போயி எதுக்குடா லைட்டு?” என்று கேட்டேன்.

“கல்லு இல்லம்மா.”

“செடியா?”

“செடியும் இல்ல. பூச்சி. பவளப்பூச்சி. ஆயிரம் பூச்சி ஒண்ணா சேர்ந்து வீடு கட்டிக்கிட்டு இருக்கு.”

“அப்ப உன் சொந்தக்காரங்கதான்” என்றேன். ஏழு மாதத்தில் பிறந்து, கைக்குள் அடங்குகிற மாதிரி கிடந்தாய் என்றுதான் உனக்கு அந்தப் பேர் வந்தது. நீ சிரித்தாய். அதற்குப் பிறகு வீட்டில் பூச்சி என்று கூப்பிட்டால் தொட்டிக்கு முன்னால் நின்று, “எந்தப் பூச்சி?” என்று கேட்பாய்.

மார்ச் 3, செவ்வாய்

பவளம் வெளுத்தது சுத்தத்தால் இல்லை. பாதிக்கு மேல் வெள்ளை. பக்கத்தில் விரல் விரலாக ஆடிக்கொண்டு இருக்குமே இன்னொரு பவளம், அது சுருங்கித் தண்டுக்குள் போய்விட்டது.

என் கைதான் காரணம் என்று தோன்றுகிறது. பல வருஷமாக ஹோட்டல் படுக்கைத் துணிகளை குளோரினில் போட்டு எடுக்கிற கை. சீயக்காய் போட்டு முழங்கை வரை கழுவினேன். வாசனை போகவில்லை. இனி தொட்டிக்குள் கை விடப் போவதில்லை. கரண்டியால் தீனி போடுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

பதினாறு முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள். அத்தை காமாட்சி விளக்கை மலையேற்றினாள். போகும்போது தொட்டியைக் காட்டி, “இத இன்னும் ஏன் எரிய வுட்ருக்கே? கண்ணு கூசுது. அதான் எல்லாம் முடிஞ்சிபோச்சே” என்றாள்.

“அது மீனுக்கு அண்ணி” என்றேன்.

கஸ்தூரி நாளைக்குப் போகிறாள். போலீஸ் கொடுத்த பையை அவள்தான் அன்றைக்குப் பிரித்து, எல்லாம் கழுவி வைத்தாள். உன் சாப்பாட்டு டப்பா அடுப்பங்கரையில் கவிழ்த்தபடி இருக்கிறது. அன்றைக்கு அதில் புளிச்சோறும் கருவாடும் வைத்திருந்தேன். டப்பாவில் இருக்கிறது, சாப்பிடு என்று தாளில் எழுதியும் வைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

கூ தவுக்கே கடைக்குப் போனேன். நீ ஞாயிறு தவறாமல் போவாயே, அந்தச் சீன முதலாளியின் வளர்ப்பு மீன் கடைதான். கூ சின்ன வயசில் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர் என்று நீ சொல்லியிருக்கிறாய். தமிழ் பேசுகிறார்.

“தங்காச்சி! லோகன் எங்கே? ரொம்ப நாள் வரலே.”

“வேலைக்குப் போயிருக்கான்.”

“ஞாயித்துக்கிழமையா? பணக்காரன் ஆயிடுவான்லா அவன்.”

கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சூடு கேட்டார். இருபத்தாறு, தொட்டியின் குளிர்பெட்டி ஓடுகிறது என்றேன். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கேட்டார். ஒரு குப்பியில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன், பார்த்தார், சரியாக இருந்தது. என் கையைச் சொன்னேன்.

“குளோரின்னா மீன் மொதல்ல செத்திரும். மீன் இருக்குதா?”

“இருக்கு.”

“அப்போ ஒன் கை நல்ல கை. லைட்டு? யாரும் தொட்டாங்களா?”

“அவன் வச்ச மாதிரியேதான் இருக்கு.”

தவுக்கே என்னைப் பார்த்தார். பிறகு, “சரி. செவ்வாக்கிழமை இல்லே, அதுக்கு அடுத்த செவ்வா கிள்ளான் பக்கம் வர்றேன், வீட்டுக்கு வந்து பாக்கறேன். லோகன் போன் எடுக்க மாட்டேங்குறான், திட்டுனேன்னு சொல்லு” என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

தண்ணீர். தீனி. கண்ணாடி துடைத்தேன். சூடு இருபத்தாறு.

தவுக்கே உன்னைத் திட்டினார்.

மார்ச் 13, வெள்ளி

கஸ்தூரி வீடியோவில் கூப்பிட்டாள். ஜொகூருக்கே வந்துவிடச் சொல்கிறாள். பிள்ளைகளுக்குத் துணையாக இருக்குமாம். தொட்டியைத் தவுக்கேயிடமே கொடுத்துவிடலாமாம்.

“எப்ப கூப்டாலும் ஹால்ல பளபளன்னு இருக்கே, நீங்க எங்கம்மா படுக்கறீங்க?”

“இங்கதான்.”

“ரூம்ல படுக்க வேண்டியதுதானே? அங்க லைட்டு ஃபியூஸ் ஆயிடுச்சா?”

“இல்ல. எரியுது.”

“அடுப்பங்கரையிலயும் எரியுதா?”

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் வைக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

டோபியில் இன்று ஓவர்டைம். புதிதாக வந்த ஒரு பெண் குளோரினை அளவில்லாமல் ஊற்றிவிட்டாள். துணி நல்ல வெள்ளையாகத்தான் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். மடிக்கும்போது ஒரு முனையை நானும் மறுமுனையை அவளும் பிடித்து உதறினோம். நடுவில் பர்ரென்று கிழிந்தது. வெள்ளை அதிகமானால் நூல் இற்றுப்போகும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லும்போது வேறு ஞாபகம்.

வீட்டுக்கு வந்து மூளைப் பவளத்தைப் பார்த்தேன். முழுக்க வெள்ளை. உள்ளே எலும்பு தெரிகிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

தவுக்கே வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “லோகன்! சோம்பேறி!” என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். நிமிர்ந்தார். சுவரில் உன் படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் செருப்பு ஒரு காலில் இருந்தபடியே நின்றார்.

“ஏன் சொல்லலே?”

“நீங்க கேக்கல.”

“கேட்டேனே, தங்காச்சி.”

“ஆமா. கேட்டீங்க.”

ஆரஞ்சுப் பையை உன் படத்துக்குக் கீழே வைத்தார். கைகூப்பினார். காப்பி கொடுத்தேன், குடித்தார். பிறகு தொட்டியைச் சுற்றி வந்தார். கண்ணாடி ஓரத்தில் நான் துடைக்காமல் விட்ட பச்சையை விரலால் தேய்த்துப் பார்த்தார். மேலே லைட்டைப் பார்த்தார். அலமாரி மேல் சும்மா கிடந்த டைமர் பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“இது எவ்வளவு நாளா எரியுது?”

காலி காப்பி டம்ளரை எடுத்தேன்.

“ராத்திரியும்?”

“ராத்திரிதான் முக்கியம்.”

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோபமாகப் பேசவில்லை. பவளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கிறதாம். அந்தக் கலர் எல்லாம் அதனுடையதாம். பூச்சி அதற்கு இடம் கொடுக்குமாம், அது வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் பூச்சிக்குப் போடுமாம். வெளிச்சம் அளவாக இருக்கிற வரைக்கும் இரண்டும் நல்ல குடித்தனமாம். நிறுத்தாமல் எரித்தால் சமைக்கிறதே விஷமாகிவிடுமாம். பூச்சி பொறுக்க முடியாமல் அதை வெளியே தள்ளிவிடுமாம்.

“அதான் வெள்ளை. இன்னும் சாகலே. பட்டினி கெடக்குது. சமைக்கிற ஆளு வீட்ட விட்டுப் போய்ட்டான்.”

“திரும்பி வருமா?”

“வரும். வராமயும் போகும். டைமர மாட்டு. வெள்ளைக் குமிழ் ரொம்பக் கம்மி, நீலம் கொஞ்சம். நாள் போகப் போக மெதுவா ஏத்து. லைட்டு அணைஞ்ச பின்னாடி கையால சாப்பாடு குடு. அவ்ளோதான்.”

“ராத்திரி பூரா அணைக்கணுமா?”

“பூச்சிக்கு இருட்டு வேணும், தங்காச்சி.”

அவர் பவளத்தைத்தான் சொன்னார். நீ சொல்லிக் கொடுத்த வார்த்தையாக இருக்கும். வீட்டில் உன்னை அப்படிக் கூப்பிடுவோம் என்று அவருக்குத் தெரியாது.

நான் அவரிடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததை. ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கிற குறுக்கு ரோட்டில் ஒரு விளக்கும் எரியாது என்று. நீ மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் கிடந்தாய், மேலே லோரி எல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தது, இருட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று. வெளிச்சம் வந்த பிறகுதான் ஒருத்தன் பார்த்தான் என்று. உடனே உயிர் போகவில்லை, பையன் கொஞ்ச நேரம் இருந்திருக்கிறான் என்று டாக்டர் சொன்னதை. நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்று.

தவுக்கே தரையிலிருந்து எழுந்தார். டைமர் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 18, புதன்

பிளக்கைத் தொட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

வெள்ளைக் குமிழை மட்டும் குறைத்தேன். நீலம் எரிகிறது. தண்ணீர் ஊற்றினேன். விரல் பவளத்தில் ஒரு கிளை உருகிக் கரைந்துபோயிருந்தது. குழாயால் உறிஞ்சி எடுத்தேன். நாற்றம். அந்தக் கிளை திரும்ப வராது.

மார்ச் 21, சனி

பெருநாள் லீவுக்குக் கஸ்தூரி வந்திருக்கிறாள். வந்ததும் வீடு முழுக்கப் போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தாள். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்றாவது அறையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். “நல்லா வெளையாடறீங்க” என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளாகிவிட்டது.

தொட்டியைப் பார்த்து, “இது செத்துப்போச்சேம்மா. தூக்கிப் போட்டுட்டு என்கூட வாங்களேன்” என்றாள்.

“சாகல. பட்டினியா இருக்கு.”

“யாரு சொன்னா?”

“தவுக்கே.”

சாயந்திரம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று கேட்டேன்.

“அன்னைக்குத் தம்பி டப்பாவ நீதானே கழுவுன? உள்ள சோறு இருந்துச்சா?”

“அம்மா…”

“இருந்துச்சா, இல்ல காலியா?”

“தெரியலம்மா. மூடி நசுங்கிப் போயிருந்திச்சி. சிங்க்ல தண்ணியத் தொறந்து வுட்டுட்டு, கண்ண மூடிக்கிட்டுத்தான் கழுவுனேன். நான் எங்க பாத்தேன்?”

சரி என்றேன். சிலநாள் நீ ஃபேக்டரியிலேயே சாப்பிடுவாய். சிலநாள் அப்படியே கொண்டுவந்து, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவாய். காலையில் டப்பா கழுவியிருக்கும். எங்கே சாப்பிட்டாய் என்று நான் எழுதிக் கேட்டதே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

கஸ்தூரி மத்தியானப் பஸ்ஸில் போனாள். பவளம் பிழைத்தால் பார்க்கலாம், அதுவரைக்கும் ஜொகூருக்குக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டேன். “அப்ப பொழைக்க வச்சிட்டு வாங்க” என்றாள். உன்னை மாதிரியே பேசுகிறாள்.

டைமர் பெட்டியில் பிளக்கைச் சொருகினேன். அதில் நீ வைத்த நேரம் அப்படியே இருந்தது. தவுக்கே சொன்னபடி சீக்கிரமே அணைகிற மாதிரி முள்ளைத் தள்ளி வைத்தேன்.

பொழுது சாயும்போது டக்கென்று அணைந்தது. நான் அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தேன். மற்ற அறைக் கதவுகளைச் சாத்தியிருந்தேன்; ஹாலில் நடைவழி விளக்கு கதவிடுக்கில் கொஞ்சம் தெரிந்தது. அவ்வளவுதான். கை சுவிட்சுக்குப் போனது. பவளத்துக்காக இறால் நறுக்கிக்கொண்டிருந்தேன், சுவிட்சுக்குப் போன கையையும் நறுக்கவே திருப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டே போய்ப் பார்த்தேன். கண் பழகிவிட்டது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்த வெள்ளைச் சுருக்கங்களின் ஓரத்தில் நூல் நூலாக என்னவோ நீண்டது. கண்ணாடி மாதிரி, சின்னச் சின்ன விரல். வெளிச்சத்தில் இத்தனை நாள் பார்த்தேன், ஒரு நாளும் இது வெளியே வரவில்லை. இறால் துண்டை இடுக்கியால் வைத்தேன். விரல்கள் பிடித்துக்கொண்டன. நடுவில் ஒரு பிளவு திறந்தது. மெதுவாக உள்ளே போனது.

இது வாய் என்று நீ எனக்குச் சொன்னதே இல்லை. அல்லது சொல்லி, நான் தூங்கியிருப்பேன்.

மார்ச் 25, புதன்

சாப்பிட்டது. தண்ணீர் ஊற்றினேன். கண்ணாடி இரண்டு நாளாகப் பச்சை பிடிக்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

தவுக்கே கடைக்குப் போனேன். “பூச்சி எப்படி?” என்றார். “இருக்கு” என்றேன். உறைந்த இறால் ஒரு பொட்டலம் கொடுத்தார். உன் பேரை எடுக்கவில்லை. உனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு சின்னக் கல்லைக் காட்டினார், கத்திரிப்பூ நிறத்தில் மொட்டு மொட்டாக. வீட்டில் இருப்பது பிழைத்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அறையில் படுத்தேன். அறை விளக்கை அணைத்தேன். அடுப்பங்கரையில் எரிந்தது.

ஏப்ரல் 11, சனி

மூளைப் பவளத்தின் கீழ் ஓரத்தில் ஒரு கறை. பச்சையாக, நகக்கண் அளவு. பாசி ஒட்டிக்கொண்டது என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனேன். கறையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, பழக்கம். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, மேலே ஒட்டினது இல்லை. உள்ளேயிருந்து வருகிறது.

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். படம் எடுத்துத் தவுக்கேக்கு அனுப்பினேன். உடனே போன் செய்து, “ஆளு வீட்டுக்கு வந்துட்டான்லா!” என்று கத்தினார். கஸ்தூரிக்கும் அனுப்பினேன். அவள் பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லை, கூப்பிட்டு அழுதாள். எப்போது வருகிறீர்கள் என்றும் கேட்டாள். முழுக்கக் கலர் வரட்டும் என்றேன். அதற்கு மாதக்கணக்காகும் என்று தவுக்கே சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

இன்றைக்கு எல்லா விளக்கும் அணைத்துவிட்டுத்தான் தீனி கொடுத்தேன். அடுப்பங்கரை விளக்கும். எழுதுவதற்காக இப்போது நடைவழிக்கு வந்து, கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இருட்டாக இருக்கிறது. எல்லா வாயும் திறந்து சாப்பிட்டது. ஒரு துண்டு மிச்சமில்லை, கிட்ட நின்று பார்த்தேன்.

பூச்சி, அன்னைக்கு நீ சாப்பிட்டியா?